என்னைப் பார்த்து மண் பறித்த குதிரை

எனக்குக் கோபம் சட்டென்று வரும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி வந்த புதிதில் என் பெயரைக் கெடுத்தது ஒரு குதிரை. அதன்மேல் எனக்கு வந்த கோபம் இத்தனை வருஷத்தில் புருஷன்மேல்கூட வந்ததில்லை.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் திறந்து, கடற்கரைத் தெருக்களில் பாதிப்பேர் அங்கே வேலைக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் ரயிலடியில் குதிரை வண்டி ஓட்டினார். பழைய குதிரைக்கு வயதாகிவிட்டதால், கல்யாணத்துக்கு முந்தின நாள் புதுசாக ஒரு பெண் குதிரையை வாங்கிக் கட்டியிருந்தார். விற்றவரும் வண்டிக்காரர்தான், கடற்கரைப் பக்கத்துக் கிறிஸ்தவர். துறைமுகத்தில் வாட்ச்மேன் வேலை கிடைத்துவிட்டதால் குதிரையைக் கொடுத்துவிட்டார். செம்பட்டை நிறம், நெற்றியில் வெள்ளை. அழகு என்றால் அப்படி ஓர் அழகு.

எனக்குக் குதிரை புதுசு. எங்கள் ஊர் ஏரலுக்கு மேற்கே, ஆற்றுத் தண்ணீரில் நெல் விளைகிற ஊர். வீட்டில் உழவு மாடு ஒரு ஜோடி, எருமை இரண்டு. மாட்டைப் பற்றி என்ன கேட்டாலும் சொல்வேன். குதிரையை வாலாட்டுகிற தூரத்தில் நின்று பார்த்தது என் கல்யாணத்தன்றுதான்.

விருந்தாளிகள் எல்லாரும் போய் வீடு ஓய்ந்த மறுநாள் காலை, ஆறு மணிக்கு வாளியும் கோலப்பொடியுமாக வாசலுக்குப் போனேன். வாசலுக்குப் பக்கவாட்டில்தான் லாயம். என்னைப் பார்த்ததும் குதிரை தலையை மேலும் கீழும் ஆட்டி, மூக்கால் ஒரு சத்தம் கொடுத்து, வலது முன்காலால் பரக் பரக்கென்று மண்ணைப் பறித்தது. எங்கள் ஊரில் ஒரு மாடு முன்காலால் மண்ணைப் பறித்தால் முட்டப் போகிறது என்று அர்த்தம். பார்த்தவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பேறுவார்கள். நான் வாளியைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடி வந்தேன்.

"ஏளா, என்ன செஞ்ச அதை?" என்றார் அத்தை. என் மாமியாரைத்தான் சொல்கிறேன்.

"நான் ஒண்ணும் செய்யல அத்தை. அதுதான் முட்ட வருது."

"குதிரை முட்டுமா? கொம்பு எங்க இருக்கு அதுக்கு?"

அதோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு என் வீட்டுக்காரருக்குத் தூக்குச்சட்டியில் சோறு கொண்டு ரயிலடிக்குப் போனேன். நான் வண்டி ஸ்டாண்டில் கால் வைக்கவும் குதிரை மண்ணைப் பறிக்கவும் சரியாக இருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு வாசல் மாடத்தில் விளக்கு வைக்கப் போனேன். மறுபடியும் பரக் பரக். மறுநாளும் அதே மூன்று வேளை. அதற்கு மறுநாளும்.

நடுவில் எத்தனையோ தடவை அதன் பக்கமாகப் போய் வந்தேன். தண்ணீர் ஊற்றினேன், கொள்ளு வைத்தேன். அப்போதெல்லாம் சாது. ஆனால் ஒரு வீட்டில் மருமகள் மங்கலமாகச் செய்கிற காரியம் மூன்று: கோலம் போடுவது, புருஷனுக்குச் சோறு கொண்டு போவது, விளக்கு வைப்பது. சொல்லி வைத்த மாதிரி அந்த மூன்று நேரத்தில்தான் குதிரைக்குப் பேய் பிடித்தது. அத்தைக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

"ஐயறிவு சீவனுக்குத் தெரியுது. இவ காலடி சரியில்ல" என்றார். முதலில் என் காதில் விழாமல் சொன்னார், பிறகு விழும்படி சொன்னார், அப்புறம் தெருக் குழாயடியில் நாலு பேர் கேட்கச் சொன்னார். செவ்வாய்க்கிழமை மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டார். எனக்கல்ல, குதிரைக்கு! என் கண் பட்டதற்கு. அடுப்பில் மிளகாய் வெடிக்கிறது, நெடியில் எனக்கு இருமல் வருகிறது. "பாத்தியா, யாருக்கு ஏறுதுன்னு" என்கிறார். எவளுக்குத்தான் கோபம் வராது?

அத்தையைத் திட்ட முடியாது. குதிரையைத் திட்டினேன். "மூதேவி, ஒனக்கு நான் என்னளா குறை வச்சேன்? ஒன் சாணியை அள்ளுதது நான்தானே?" என்று விளக்குமாற்றை ஓங்கிக்கொண்டு கேட்டேன். அது காதை என் பக்கமாக நீட்டிக்கொண்டு கேட்டது. மரியாதை தெரிந்த சனியன்.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசமாட்டார். ஒரு நாளைக்கு இருபது வார்த்தை வைத்திருந்தார் என்றால் பதினைந்தை வண்டி ஸ்டாண்டிலேயே செலவழித்துவிட்டு வருவார். ஆனாலும் அவர் சும்மா இருக்கவில்லை. குளம்பில் ஆணி ஏறியிருக்கும் என்றார் ஸ்டாண்டில் ஒருவர். நாலு குளம்பையும் தூக்கிப் பார்த்தார். வார் பட்டு வயிற்றில் புண்ணாகியிருக்கும் என்றார் இன்னொருவர். வாரை அவிழ்த்துத் தடவிப் பார்த்தார். ஈத் தொல்லை என்றார்கள். லாயத்தில் வேப்பிலைப் புகை போட்டார். கடைசியில் மாட்டாஸ்பத்திரிக்கே கொண்டுபோய்க் காட்டினார்.

"என்ன சொன்னாரு டாக்டரு?"

"வயித்துவலி இல்லையாம்."

"வேற?"

"வயித்துவலின்னா திரும்பித் திரும்பி வயித்தப் பாக்குமாம். படுத்து உருளுமாம். கோவம்னா காதைப் பின்னுக்குக் கழுத்தோட ஒட்ட வச்சுக்குமாம். இது முன்னுக்கு நீட்டிக்கிட்டு நிக்குதாம். எதையோ எதிர்பாக்குன்னு சொன்னாரு."

"எதையாம்?"

"அதை அதுட்டதான் கேக்கணும்னாரு."

ஒரே மூச்சில் அவர் இவ்வளவு பேசியதே எனக்கு ஆச்சரியம். அத்தை மட்டும், "எதை எதிர்பாக்கு? இவ எப்ப போவான்னு எதிர்பாக்கு" என்று முடித்துவிட்டார்.

மாசி மாதக் கடைசியில் என் அம்மா என்னைப் பார்க்க வந்தாள். வாழைத்தாரும் புது அவலும் சுமந்து வந்தவளுக்கு அத்தை மோர் கொடுத்தார், நன்றாகத்தான் பேசினார். கிளம்பும்போது சொன்னார், "ஆடிக்கு வந்து கூட்டிட்டுப் போங்க. அப்புறம் பாப்போம்."

ஆடி மாதம் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போவது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆடி முழுக்கப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்திருக்கக் கூடாது என்பார்கள். ஆவணி பிறந்ததும் திரும்ப அழைத்து வருவார்கள். அதில் 'அப்புறம் பாப்போம்' என்பதற்கு இடமே கிடையாது. அப்படிச் சொன்னால், திரும்ப அழைப்பதாக இல்லை என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் அப்படி ஆடிக்குப் போய் ஐந்து வருஷமாகத் தாய்வீட்டிலேயே இருந்த பெண் ஒருத்தி உண்டு. அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பஸ் ஏறுகிறவரை அம்மா என் கையை விடவில்லை. அன்று ராத்திரி எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. எனக்கு அந்த வீடு பிடித்திருந்தது. பேசாத அந்த மனுஷனையும் பிடித்திருந்தது. ஒரு குதிரைக்காக இதையெல்லாம் விட்டுவிட்டுப் போக வேண்டுமா?

பங்குனியில், கிறிஸ்தவர்கள் பெரிய வியாழன் என்கிற நாள் ராத்திரி நான் விலக்கானேன். மூன்று நாளைக்கு வீட்டுக்குள் வரக்கூடாது. கோலம் கிடையாது, விளக்கு கிடையாது, சோறு கொண்டு போவதும் கிடையாது. லாயத்துக்குப் பின்னால் ஓலைத் தட்டி வைத்து மறைத்த ஓர் இடம், அதில் பாயும் சொம்பும் தட்டும். எனக்கும் குதிரைக்கும் நடுவில் அந்த ஓலைத் தட்டிதான். அது மூச்சு விடுவதுகூடக் கேட்கும்.

வெள்ளிக்கிழமை காலை அத்தையே வாசல் தெளித்தார். குதிரை அசையவில்லை. மத்தியானம் அத்தை சோறு கொண்டு போனார். திரும்பி வரும்போது தெருமுனையிலேயே குரல் கேட்டது. "பச்சப் புள்ள மாதிரி நிக்கி! இவ போகல, அது பறிக்கல!" சாயங்காலமும் அமைதி. சனிக்கிழமையும் மூன்று வேளையும் அமைதி. அத்தைக்கு ஊர்ப் பஞ்சாயத்தில் ஜெயித்த மாதிரி. அடுத்த வீட்டுக்காரர்களைக் கூட்டிவந்து குதிரையைக் காட்டினார்.

நானே ஒரு நிமிஷம் நம்பிவிட்டேன். நிஜமாகவே என் காலடிதான் சரியில்லையோ என்று தட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே எனக்குக் கோபம் வந்தது. நல்லவேளை, கோபம் வந்தால்தான் எனக்கு மூளை வேலை செய்யும். இரண்டு நாளாக அந்தக் குதிரைக்கு என்னைவிடப் பக்கத்தில் யார் இருந்தார்கள்? ராத்திரி பகலாக ஒரு கை தூரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். என்னைக் கண்டால் ஆகாது என்றால் இந்த இரண்டு நாளும் அது கயிற்றை அறுத்துக்கொண்டல்லவா ஓடியிருக்க வேண்டும்! நான் இங்கேதான் இருக்கிறேன். அப்படியானால் இல்லாமல் போனது வேறு ஏதோ ஒன்று.

என்னது என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தேன். அத்தை இன்னும் வாசலுக்கு வரவில்லை. கடற்கரை மாதா கோயில் மணி அடித்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் மூக்குச் சத்தம். உடனே பரக் பரக். எழுந்து ஓலை இடுக்கு வழியாகப் பார்த்தேன். காது இரண்டும் முன்னுக்கு நீண்டிருந்தன. உதடு எதையோ தேடுகிற மாதிரி அசைந்தது. மணி ஓய்ந்து கொஞ்ச நேரத்தில் அதுவும் ஓய்ந்துவிட்டது.

பக்கத்து வீட்டில் தையல் மிஷின் வைத்திருந்த அக்கா கிறிஸ்தவர். பூசைக்குப் போய்விட்டுப் புதுச்சேலையோடு திரும்பி வந்தவரைச் சுவருக்கு மேலே எட்டிக் கூப்பிட்டேன். "யக்கா, நேத்தும் முந்தாநேத்தும் கோயில்ல மணி அடிச்சாங்களா?"

"பெரிய வெள்ளிக்கு யாராவது மணி அடிப்பாங்களா? ஆண்டவர் மரிச்ச நாள்லா. மரக்கட்டையைத்தான் தட்டுவாங்க. நேத்து ராப் பூசையிலதான் மணியை மறுபடி அடிச்சது. நீ தூங்கிட்ட போல."

"மத்த நாளு எப்ப எப்ப அடிக்கும்?"

"காலையில ஆறு, மத்தியானம் பன்னெண்டு, சாயங்காலம் ஆறு. நீ வந்து மூணு மாசமாச்சே, கேட்டதில்லையா?"

கேட்டிருக்கிறேன். எங்கள் ஊரில் அப்படி மணி கிடையாது, ஆகையால் வந்த புதிதில் நன்றாகவே கேட்டது. ஆனால் கேட்டதும் நான் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவேனே! அந்த மணியை வைத்துத்தான் நான் கோலம் போட வாசலுக்குப் போனதும், அது அடிக்கிற நேரத்துக்குச் சோற்றுச் சட்டியோடு ஸ்டாண்டை எட்டியதும், விளக்கு ஏற்றியதும். குதிரைக்கும் அதே மணி. அத்தைக்கோ பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு அது காதிலேயே விழுவதில்லை. தலைக்கு மேலே காகம் கத்துகிற மாதிரிதான்.

அன்று மத்தியானமும் அத்தைதான் சோறு கொண்டு போனார். வந்து தூக்குச்சட்டியைத் தரையில் ணங்கென்று வைத்தார். வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

தலைக்கு ஊற்றிய மறுநாள், தையல்கார அக்காவைக் கூட்டிக்கொண்டு குதிரையை விற்றவர் வீட்டுக்குப் போனேன். அவர் இரவு வேலை முடிந்து காக்கி உடுப்போடு அப்போதுதான் வந்திருந்தார். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. "அது சொகமா இருக்கா?" என்றுதான் கேட்டார்.

"சொகத்துக்கு என்ன, அதால என் பொழப்புதான் போகுது அண்ணாச்சி" என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அது மண் பறிப்பதைக் காலால் நடித்தே காட்டினேன். அவர் முகம் முழுக்கச் சிரிப்பு.

"அது செபம்லா சொல்லுது!"

எங்கே ஓட்டிக்கொண்டிருந்தாலும் மணி அடித்ததும் வண்டியை நிறுத்தி, தலைத்துண்டை எடுத்து, மூவேளை செபம் சொல்வது அவர் வழக்கமாம். ஆறு வருஷமாக அவரோடு சேர்ந்து குதிரையும் தலை குனிந்து, காலால் மண்ணைத் தட்டி, தன்னாலானதைச் சொல்லுமாம். இதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கிவிட்டது.

உள்ளேயிருந்து அவர் வீட்டம்மா குரல் கொடுத்தார். "மடியில இருந்த கருப்பட்டியைச் சொல்லலியே?"

"கருப்பட்டியா?"

"ஆமா. செபம் முடிஞ்சதும் ஒரு துண்டை எடுத்து, தான் ஒரு கடி கடிச்சிட்டு மீதியை அதுக்குக் குடுப்பாவ. தெனம் மூணு வேளை."

நான் அவரையே பார்த்தேன். "அண்ணாச்சி, கொள்ளு எவ்வளவு, தண்ணி எப்ப, லாடம் எப்ப மாத்தணும், எல்லாம் சொன்னீயளாமே. இதை ஏன் சொல்லல?"

"அது தீனி இல்லம்மா" என்றார், நான் தப்பாக ஏதோ கேட்டுவிட்ட மாதிரி. "தீனின்னா சொல்லியிருப்பேன். நான் செபம் சொல்லுததை ஒங்க வீட்டுக்காரர்ட்ட போய் எதுக்குச் சொல்லணும்?"

வீட்டம்மா வாசலுக்கே வந்துவிட்டார். "அப்ப இம்புட்டு வருசமா அது கருப்பட்டிக்கா ஆமென் சொல்லிச்சு?"

"அப்படிச் சொல்லாத. செபமும் சொல்லிச்சு, கருப்பட்டியும் தின்னிச்சு" என்றார் அவர்.

நானும் தையல்கார அக்காவும் வீட்டம்மாவும் சிரித்த சிரிப்பில் அவர் உள்ளே எழுந்து போய்விட்டார். கல்யாணமாகி வந்து அன்றுதான் நான் அப்படிச் சிரித்தேன். சிரித்து ஓய்ந்ததும் வெட்கமாக இருந்தது. மாட்டு வீட்டில் பிறந்த நான் அது முட்ட வருகிறது என்றேன். அத்தை சகுனம் என்றார். இவர் செபம் என்றார். அது பாவம், மூன்று மாதமாக வேளை தவறாமல் எங்களிடம் ஒரு துண்டுக் கருப்பட்டி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. நானோ அதற்கு விளக்குமாற்றைக் காட்டியிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் அத்தையையும் வீட்டுக்காரரையும் லாயத்துக்கு முன்னால் நிறுத்திவைத்தேன். மணி அடித்தது. பரக் பரக். கருப்பட்டியை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். மெத்தென்ற உதட்டால் அதை எடுத்துக்கொண்டு, கறுக்கென்று கடித்து, நெற்றியால் என் தோளில் ஒரு தள்ளு தள்ளிவிட்டு நின்றது. கால் ஓய்ந்துவிட்டது. என் வீட்டுக்காரர் சத்தமாகச் சிரித்தார். அத்தை விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

மறுநாளிலிருந்து என் வீட்டுக்காரர் மடியிலும் கருப்பட்டி. ரயிலடியில் மணி கேட்டால் அவரும் தலைத்துண்டை எடுத்துவிட்டுத்தான் கொடுக்கிறார் என்று தெரிந்தது. ஏன் என்று கேட்டேன். "அதுக்கு அப்படித்தான் பழக்கம்" என்றார்.

குதிரை சரியாகிவிட்டது, 'அப்புறம் பாப்போம்' மட்டும் அப்படியே கிடந்தது. காலடி சரியில்லை என்ற பேச்சு நின்றுபோனது, ஆனால் சொன்னது தப்பு என்று அத்தை வாயிலிருந்து வரவே இல்லை. சித்திரை போனது, வைகாசி போனது, ஆனியும் போனது. நானாகக் கேட்க மாட்டேன். என் குணம் அப்படி. ஆடி பிறப்பதற்கு முந்தின நாள் அம்மா வந்தாள். அத்தை எனக்குப் பூ வைத்து அனுப்பினார். எப்போது வந்து கூட்டிப்போவோம் என்று மட்டும் சொல்லவில்லை.

ஆடி பாதி போயிருக்கும். எங்கள் வயலில் களையெடுப்பு. அம்மாவும் நானும் இன்னும் பத்துப் பெண்களும் வரிசையாகக் குனிந்திருந்தோம். வரப்பில் யாரோ தடுமாறித் தடுமாறி வந்தார்கள். நிமிர்ந்து பார்த்தால் அத்தை. இடுப்பில் ஓலைக் கொட்டான், கையில் செருப்பு. உப்பும் மணலுமாகவே வாழ்ந்த காலுக்கு வயல் வரப்பு வசப்படவில்லை. அம்மா சேற்றுக் கையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"எல்லாரும் இருக்கீயளா? நல்லதாப் போச்சு" என்றார் அத்தை. "நாலு பேர் கேக்கப் பேசின பேச்சை நாலு பேர் கேக்கத்தான் திருப்பி எடுக்கணும். இவ காலடி சரியில்லன்னு நான்தான் சொன்னேன். அதெல்லாம் ஒண்ணும் கெடையாது."

அத்தை மூச்சு வாங்கிக்கொண்டார்.

"ஈஸ்டர் அன்னைக்குச் சோறு கொண்டு போனேன் பாத்தீயளா, அன்னைக்கு என்னையப் பாத்தும் அந்தக் குதிரை மண்ணைப் பறிச்சிச்சு மதினி. என் மவன் கை கழுவப் போயிருந்தான், பாக்கல. அப்பவே எனக்கு வெளங்கிருச்சு. ஆனா வாய் வரல. நாலு மாசமா மனசுக்குள்ள போட்டு வச்சிருந்தேன். இவளை அனுப்புன பெறகு ராத்திரி தூக்கம் வரல. ஆவணி ஒண்ணாந்தேதி வண்டியோட நானே வாரேன். அனுப்ப மாட்டேன்னு மட்டும் சொல்லிராதீய."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூப்பிடமாட்டார்களோ என்று நாங்கள் செத்துக்கொண்டிருந்தோம். இவரோ அனுப்பமாட்டார்களோ என்று பயந்துகொண்டு பஸ் ஏறி வந்திருக்கிறார். அத்தையிடம் கேட்பதற்காக நான் எத்தனையோ ராத்திரி ஜோடித்து வைத்திருந்த கேள்விகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது. சேற்றுக் கையால் துடைத்ததில் முகமெல்லாம் சேறு.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "கேட்டியாளா? நீ என்ன சொல்லுத? போறியா?"

இந்த விஷயத்தில் என்னிடம் ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. யோசிக்காமல் சொல்லிவிட்டேன். "ஆவணி வரைக்கும் எதுக்கு? நாளைக்கே போறேன்."

ஆடி மாதத்தில் புதுப்பெண் சொல்கிற பேச்சா அது! பத்துப் பெண்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "அவசரத்தைப் பாருங்க மதினி!" என்று ஒருத்தி கூவினாள். அத்தை சிரித்த சிரிப்பில் கையிலிருந்த செருப்பு வயலுக்குள் விழுந்தது. வெட்கத்தில் முகத்தை மூடிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் சொன்னதை நான் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.